சாதாரண வருஷத்துக் குதிரைகள்

இடப்பக்கம் கடல். வலப்பக்கம் தாழைப் புதர். பின்னால் எங்கள் ஊர் காயல் எரிகிறது. திரும்பிப் பார்க்கவில்லை. சூடு பிடரியில் தெரிகிறது.

தெற்கே நடக்கிறோம். என் இடது தோளில் சடையன் தொங்குகிறான். என் தங்கை சீதேவியின் புருஷன். வலது தொடையில் வாள்வெட்டு. அவன் வேட்டியைக் கிழித்து இறுக்கிக் கட்டியிருக்கிறேன். துணி கறுத்துவிட்டது. ரத்தம் நிற்கவில்லை. ஒற்றைக் காலால் தத்துகிறான். தத்தும்போதெல்லாம் பல்லைக் கடிக்கிறான். அந்தச் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்கிறது. என் இடது காது கேட்கும். வலது காது கேட்காது.

வலது தோளில் கயிறு. முத்துக் குளிக்கிற கயிறு. தேங்காய் நார். உப்பில் ஊறி ஊறிக் கல்லாகக் கனக்கிறது. குடிசையில் அரிசி இருந்தது. சட்டி இருந்தது. கை தோணியில் கிடந்த கயிற்றைத்தான் எடுத்தது.

முன்னாலும் ஆட்கள். பின்னாலும் ஆட்கள். யாரும் பேசவில்லை. பிள்ளைகள்கூட அழவில்லை. ஒருத்தன் மட்டும் கத்திக்கொண்டே ஓடுகிறான்.

"ஆத்தைத் தாண்டுங்கலே! ஆத்தைத் தாண்டுங்க! குதிரை தண்ணியில இறங்காது!"

இறங்கும். எனக்குத் தெரியும். அந்தக் குதிரைகளைக் கப்பலிலிருந்து தண்ணீரில் இறக்கியவர்களில் நானும் ஒருத்தன். சொல்லவில்லை. சொல்லி என்ன. ஆற்றைத் தாண்டத்தான் வேண்டும்.

சீதேவி மணப்பாட்டில் இருக்கிறாள். தை மாசமே அனுப்பிவிட்டோம். சடையனை அவளிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். உயிரோடு. அன்றைக்கு எனக்கு அந்த ஒரு வேலைதான்.

வருஷத்தைச் சொல்லிவிடுகிறேன். பின்னால் வருகிறவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள். அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு எழுத்து பாதிதான் வரும். மணலில் விரலால் எழுதிப் பழகியது. மிச்சத்தைப் படிப்பதற்குள் ஊரை விட்டு ஓடிவிட்டேன். உப்பு அள்ளினேன். பனை ஏறினேன். சங்குத் தோணியில் ஈழத்துக்குப் போய் வந்தேன். ஓர் இடத்தில் ஒரு வருஷம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. முத்துக் குளிக்கிற பங்குனி, சித்திரைக்குத் தவறாமல் காயலுக்குத் திரும்பி வருவேன். சடையனுக்குக் கயிறு பிடிக்க வேண்டும்.

அந்த வருஷத்தின் பெயர் சாதாரண. அறுபது வருஷப் பெயர்களில் அதுவும் ஒன்று. சித்திரை முதல் நாள் கோயில் வாசலில் பஞ்சாங்கம் வாசித்தார்கள். சடையன் கூட்டத்தில் நின்றுகொண்டு கேட்டான்.

"பேரே சாதாரணமா? அப்ப இந்த வருசம் ஒண்ணும் நடக்காது வே. எல்லாரும் போய்த் தூங்குங்க."

கூட்டம் சிரித்தது. வாசித்தவரும் சிரித்தார்.

வைகாசியில் மதுரையிலிருந்து சேதி வந்தது. பெரிய ராசா செத்துப்போனார். மகனே கொன்றான் என்றார்கள். ராச்சியம் இன்னொரு மகனுக்குப் போகிறதே என்று கொன்றானாம். எங்களுக்கு ராசாவைத் தெரியாது. அவருக்குப் போகிற முத்துப் பங்கைத்தான் தெரியும். ஆடியில் கொன்றவனின் ஆட்கள் வந்தார்கள். பங்கு இனி எங்களுக்கு என்றார்கள். கொடுத்தோம். ஐப்பசியில் மற்றவனின் ஆட்கள் வந்தார்கள். அதே பங்கை மறுபடியும் கேட்டார்கள். இல்லை என்றவனின் கட்டைவிரலை வெட்டினார்கள். கட்டைவிரல் போனால் சிப்பி அறுக்க முடியாது. மார்கழியில் வேறொரு பேச்சு வந்தது. வடக்கே இருந்து பெரிய படை ஒன்று வருகிறது. யானை பிடிக்க. பொன் அள்ள. அண்ணன் தம்பியில் ஒருத்தன்தான் அதைக் கூப்பிட்டான் என்றும் சொன்னார்கள். எது உண்மை என்று எனக்குத் தெரியாது. இன்றுவரை தெரியாது.

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. கடலுக்குள் மூச்சைப் பிடிப்பவன் ஒருத்தன். மேலே தோணியில் கயிற்றைப் பிடிப்பவன் ஒருத்தன். கயிற்றின் நுனி மூழ்குகிறவனின் இடுப்பில் இருக்கும். கீழே வேலை முடிந்ததும் இரண்டு முறை சுண்டுவான். மேலே இருப்பவன் இழுக்க வேண்டும். ஒரு சுண்டுக்கு இழுக்கக் கூடாது. அது அலையாக இருக்கும். மீனாக இருக்கும். இரண்டு சுண்டு என்றால் மனுஷன்.

கயிறு பிடிக்கிறவன் மூழ்குகிறவனுடைய பெண்டாட்டியின் உடன்பிறந்தவனாகத்தான் இருக்க வேண்டும். மச்சான். தங்கையின் தாலி கையில் இருக்கிறவன் கயிற்றை விடமாட்டான். கூடப் பிறந்த அண்ணன் தம்பி பிடிக்கக் கூடாது. அண்ணன் தம்பிக்குள் சொத்து இருக்கிறது. மதுரைச் சேதி வந்தபோது சடையன் இதைத்தான் சொன்னான்.

"ராசா வீட்டுல கயிறு பிடிக்க மச்சான் இல்லை போல."

குதிரையையும் சொல்ல வேண்டும். குதிரை எங்களுக்குக் கடலிலிருந்து வரும். அரபு நாட்டுக் கப்பல் ஆழத்தில் நின்றுகொள்ளும். குதிரையின் வயிற்றில் வார் கட்டித் தண்ணீரில் இறக்குவோம். நீந்தி வரும். மணலில் ஏறியதும் பயத்தில் நாலாபக்கமும் ஓடும். அந்தக் குளம்புச் சத்தம் கேட்டால் காயலில் யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள். ஆளுக்கொரு கயிறு. ஆளுக்கொரு புல்லுக்கட்டு. சத்தம் வருகிற பக்கம் ஓடுவார்கள். முந்திப் பிடித்தவனுக்கு வேலை. குதிரையை நாலு நாள் புல் காட்டித் தேற்றி மேற்கே அனுப்புவோம். மதுரைக்குப் போகும். போனது திரும்பி வந்ததே இல்லை. பாதி அங்கேயே செத்துப்போகும்.

சோனகர் தெருவில் காசிம் என்று ஒரு குதிரைக்காரர். கப்பலில் குதிரையோடு வந்தவர். இங்கேயே பெண் கட்டித் தங்கிவிட்டார். எங்கள் பேச்சு நன்றாக வரும்.

"எங்க ஊர்ல புல்லைத் தின்னுட்டு இருவது வருசம் கெடக்கும்" என்பார். "உங்க ராசா நெய்ச்சோறு போட்டுக் கொல்லுதான். சோறு போட்டுக் கொல்லுத ஊரு இது ஒண்ணுதான் அண்ணாச்சி."

பங்குனி. சாதாரண வருஷம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான். கரையில் முத்தெடுக்கக் குவித்த சிப்பிகள் அழுகிக் கிடந்தன. ஈ. நாற்றம். விடிந்துகொண்டிருந்தது. கடல்கட்டி கடலைக் கட்டி முடித்திருந்தார்.

கடல்கட்டி என்பவர் சுறாவின் வாயைக் கட்டுகிறவர். முத்துக் குளிக்கிற நாட்களில் காலையில் மந்திரம் சொல்லிக் கட்டுவார். அந்தியில் அவிழ்ப்பார். அவிழ்க்காவிட்டால் திருடர்கள் சுறா பயமில்லாமல் ராத்திரியில் முத்துக் குளித்துவிடுவார்கள். கட்டு நிற்கிற வரைக்கும் அவர் பல்லில் பச்சைத் தண்ணீர்கூடப் படக் கூடாது. பட்டால் கட்டு அவிழ்ந்துவிடும். அதற்கு அவருக்கு ஒரு பங்கு. ஊரில் கட்டியார் என்று கூப்பிடுவோம். கிழவர். எலும்பும் தோலும். சடையன் அவரை ஒரு நாளும் சும்மா விட்டதில்லை.

"கட்டியாரே, கட்டுறதுக்கு முன்னால சுறாவுக்குப் பல்லு வெளக்கி விட்டீரா?"

"உன் பல்லை முதல்ல வெளக்குடே."

அன்றைக்கும் இதையே பேசிக்கொண்டு தோணியைத் தள்ளினோம். அப்போது கேட்டது. குளம்பு.

ஒற்றைக் காதுக்குத் திசை தெரியாது. பன்னிரண்டு வயதில் ஆழத்தில் வெடித்தது வலது காது. அதோடு நான் மூழ்குவதை விட்டேன்.

"மாப்ளே, எந்தப் பக்கம்?"

"பனங்காட்டுப் பக்கம் கேக்கு."

"கப்பல் எங்கன?"

சடையன் கடலைப் பார்த்தான். கப்பல் இல்லை. அதற்குள் யாரோ கத்திவிட்டார்கள்.

"குதிரை வந்துட்டுலே! குதிரை!"

ஊர் ஓடியது. கயிறுகள். புல்லுக்கட்டுகள். கட்டைவிரல் போனவனும் ஓடினான். காசிம் எல்லாருக்கும் முன்னால். கையில் கடிவாளக் கயிறு. நாங்களும் ஓடினோம். ஓடிக்கொண்டே சடையன் சொன்னான்.

"மச்சான், கப்பல் இல்லையே. கப்பல் இல்லாம எப்படி?"

நிற்கவில்லை. அவனும் நிற்கவில்லை. நானும் நிற்கவில்லை. கால் அப்படிப் பழகியிருந்தது.

பனங்காட்டுக்குள்ளிருந்து வந்தன. மேலே ஆட்கள் இருந்தார்கள். அது எங்கள் கண்ணுக்கு உடனே விளங்கவில்லை. குதிரைமேல் ஆள் ஏறிவந்து நாங்கள் பார்த்ததில்லை. எங்களுக்குத் தெரிந்த குதிரைகள் வெறும் முதுகோடு கடலிலிருந்து வரும். வெறும் முதுகோடு மேற்கே போகும்.

முன்னால் வந்தது செம்பழுப்பு. முன்னங்கால் ஒன்று முழங்கால் வரை வெள்ளை. அதை எனக்குத் தெரியும். கப்பலிலிருந்து இறக்கும்போது என் புஜத்தைக் கடித்த குதிரை. தழும்பு இன்னும் இருக்கிறது. காசிமுக்கும் தெரிந்தது. நாக்கை மேலண்ணத்தில் தட்டி ஒரு சத்தம் கொடுத்தார். தேற்றுகிற நாட்களில் கொடுக்கிற சத்தம். குதிரை காதை முன்னால் நீட்டியது. நின்றது. மேலே இருந்தவன் காசிமை வெட்டினான்.

குதிரையைத் தெரியும். மேலே இருந்தவனைத் தெரியாது. கொன்ற மகனின் ஆளா. மற்ற மகனின் ஆளா. வடக்கத்தி ஆளா. அவர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் தெரிந்திருக்கும்.

புல்லுக்கட்டோடு நின்றவர்களை வெட்டினார்கள். புல்லுக்கட்டை முகத்துக்கு நேரே பிடித்தவர்களையும் வெட்டினார்கள். சடையன் என்னைத் தள்ளிவிட்டான். எனக்கு விழ வேண்டியது அவன் தொடையில் விழுந்தது. பிறகு ஓலை பற்றியது. ஓலைக்கூரை எரிந்தால் பெருமழை பெய்கிற சத்தம் வரும். அந்தச் சத்தம் எல்லாத் தெருவிலும் கேட்டது. கரையில் நின்ற தோணிகளில் சில தண்ணீருக்குள் போய்விட்டன. வடக்கே தூத்துக்குடிக் கரைக்கு. மற்றவை எரிந்தன. எங்கள் தோணியும் எரிந்தது. அதிலிருந்து கயிறு மட்டும் என் கைக்கு வந்தது. தாழைக்குள் பகல் முழுக்கப் படுத்துக் கிடந்தோம். வெயில் சாய்ந்ததும் மறுபடியும் குளம்புச் சத்தம் வந்தது. எழுந்து நடந்தோம். அந்த நடையிலிருந்துதான் தொடங்கினேன்.

ஆற்றுக்குக் கொஞ்சம் முன்னால் கட்டியார் உட்கார்ந்திருந்தார். தனியாக. கால் ஓய்ந்துவிட்டது.

"எந்திரியும் வே" என்றான் சடையன். "ரெண்டு காலு உள்ளவரு உக்காந்திருக்கீரு. ஒத்தக் காலு நடக்கு."

எழுந்தார். எங்கள் பின்னால் வந்தார்.

பொருநை ஆறு கடலில் சேருகிற இடம். பங்குனியில் தண்ணீர் குறைவு. திட்டுத் திட்டாக மணல். முழங்கால் நீரில் நடக்கலாம். தென்கரையை ஒட்டி ஓர் ஓடை மட்டும் ஆழம். அகலம் அதிகமில்லை. எங்கள் கயிற்றின் நீளத்துக்குச் சற்றுக் குறைவு. ஆனால் கடல் வற்றுகிற நேரம். தண்ணீர் கடலை நோக்கி இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு சின்ன வத்தை இருந்தது. ஏற இடமில்லாத அந்தத் தோணியில் ஏறிக்கொண்டே இருந்தார்கள்.

"ஏலே, ஏறாதிய! கவுந்துரும்! ஏறாதிய!"

கவிழ்ந்தது. பெண்களும் பிள்ளைகளும் போனார்கள். கத்துவதற்குள் போனார்கள்.

சடையன் திட்டில் உட்கார்ந்தான். தண்ணீரைப் பார்த்தான். முத்துக் குளிக்கிறவன் பார்க்கிற பார்வை.

"மச்சான், நீரு முன்னால போவும்."

"உன்னை விட்டுட்டா?"

"கயிறு பிடிக்கவன் காலு தரையில நிக்கணும். ரெண்டு பேரும் தண்ணியில கெடந்தா யாரு யாரை இழுக்க? அக்கரையில போய்க் காலை ஊனும். நான் இடுப்புல கட்டிக்கிடுதேன். ரெண்டு சுண்டு சுண்டுனா இழும்."

முறை அதுதான். மறுத்துப் பேச ஒன்றும் இல்லை.

"எனக்கு?" என்றார் கட்டியார்.

"உமக்கென்ன. கடலையே கட்டுதவரு. இந்த ஓடையைக் கட்ட மாட்டீரா?"

"எனக்கு நீச்சல் தெரியாதுடே."

சடையன் சிரித்தான். வெட்டுப்பட்ட பிறகு முதல் தடவையாகச் சிரித்தான். தொடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"மச்சான், கேட்டீரா? ஊரு முத்துல பங்கு வாங்கித் தின்னவருக்கு நீச்சல் தெரியாதாம்! சரி, அடுத்த நடை உமக்கு வே. நான் சேந்ததும் கயிறைத் திருப்பி எறியச் சொல்லுதேன்."

கயிற்றின் ஒரு நுனியை என் மணிக்கட்டில் சுற்றினேன். ஒரு பனங்கட்டையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். இழுப்பு சாய்வாகக் கொண்டுபோனது. சேர்ந்துவிட்டேன். சேற்றில் காலை ஊன்றினேன். ஒரு காலுக்கு வேர் கிடைத்தது. கயிற்றை இறுக்கினேன். மறுமுனையில் சடையன் இடுப்பில் முடிச்சுப் போடுவது தெரிந்தது. வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது.

"வாரான்! வாரான்! குதியுங்கலே!"

குதிரைகள் திட்டில் இறங்கிவிட்டன. அங்கே நின்ற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தண்ணீரில் விழுந்தார்கள். நுரை. தலைகள். கைகள். சடையன் தெரியவில்லை. கயிறு தொய்ந்தது. மறுபடி இறுகியது. ஒரு சுண்டு. இழுக்கவில்லை. காத்தேன்.

இரண்டு சுண்டு. தெளிவாக. அது அவன் கை. அந்தக் கையை நான் பல வருஷமாக அறிவேன்.

இழுத்தேன். கனம். கை தோல் உரிந்தது. இழுத்தேன். தலை மேலே வந்தது. நரைத்த தலை.

கட்டியார்.

கயிறு அவர் இடுப்பில் இருந்தது. சடையன் போடுகிற முடிச்சு. தண்ணீர் அவிழ்க்காது. கட்டியவன் ஒரு கையாலேயே அவிழ்த்துவிடலாம். கிழவர் கண்ணையும் வாயையும் இறுக மூடியிருந்தார். உதடு வெளுத்துவிட்டது. கரையில் போட்ட பிறகும் வாயைத் திறக்கவில்லை. மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். உதட்டைத் துடைத்தார். ஒரு சொட்டுக்கூட உள்ளே போகவில்லை. நீச்சல் தெரியாத மனுஷன் பிழைத்தது அதனால்தான்.

பிறகு பேசினார்.

"குதிரை பக்கத்துல வந்துட்டு. அவன் கயிறை அவுத்து எனக்குக் கட்டினான். வாயைத் தொறக்காதீரும்னான். நான் முங்கியே வந்துருவேன்னான். அவனே ரெண்டு சுண்டு சுண்டினான். என்னைத் தள்ளிவிட்டுட்டான்."

முங்கி வருவான். அவனால் முடியும். காயலில் அவன் மூச்சுக்கு இணையான மூச்சு இல்லை. அவன் கீழே போனதும் நான் மேலே எண்ணத் தொடங்குவேன். எந்த எண்ணில் சுண்டுவான் என்று எனக்குத் தெரியும். எண்ணினேன். அந்த எண் தாண்டியது. முதலிலிருந்து எண்ணினேன். மறுபடியும் தாண்டியது. என் நல்ல காதைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு எண்ணினேன். மூழ்கி எழுந்தவன் விடுகிற முதல் மூச்சு விசில் மாதிரி கேட்கும். கேட்கவில்லை.

எதிர்த் திட்டில் செம்பழுப்பு நின்றது. தலையைக் குனிந்து தண்ணீரில் வாய் வைத்தது. உப்பு. தலையை உதறியது. அவர்கள் ஓடையில் இறங்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றார்கள். திரும்பிப் போனார்கள்.

"இழுப்புல தெற்கே போயிருப்பான்" என்றேன். "மணப்பாட்டுப் பக்கம் கரை ஏறியிருப்பான்."

கட்டியார் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து என் தோளில் போட்டார்.

நடந்தோம். வழியில் யாரோ இளநீர் சீவிக் கொடுத்தார்கள். நான் குடித்தேன். கட்டியார் கையில் வாங்கி என்னிடமே நீட்டினார்.

"குடியும். அந்தி தாண்டி எவ்வளவு நேரமாச்சு. அவுத்துட்டுக் குடியும்."

"அவுத்தா சுறா வாயைத் தொறக்கும்டே. ஆத்துல போனதெல்லாம் இந்நேரம் கடல்ல கெடக்கு."

எனக்கு அந்த மந்திரத்தில் நம்பிக்கை இருந்ததில்லை. சுறா கடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கட்டு நிற்கிற நேரத்திலேயே கடித்தது. ஆனால் அவரை இன்னொரு தடவை குடிக்கச் சொல்லவில்லை.

மறுநாள் உச்சிக்கு மணப்பாட்டு மணல்குன்று தெரிந்தது. சீதேவி குன்றின்மேல் நின்றிருந்தாள். புகையைப் பார்த்திருக்கிறாள். வடக்கே அத்தனை தூரத்துக்கும் புகை தெரிந்திருக்கிறது. இறங்கி ஓடிவந்தாள். பாதி வழியில் ஓட்டத்தை நிறுத்தினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. தோளைப் பார்த்தாள்.

"கயிறு வந்துட்டு. அவுக எங்கன?"

"இங்கன வரலியா?"

"இங்கன யாரு வந்தா?"

"முங்கி வாரேன்னு சொன்னானாம்."

"யாருகிட்ட?"

"எங்கிட்டத் தாயி" என்றார் கட்டியார்.

சீதேவி அவர் இடுப்பைப் பார்த்தாள். கயிறு அறுத்த தடம் சிவப்பாக இருந்தது. அவளும் முத்துக் குளிக்கிறவன் பெண்டாட்டி. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இவருக்கு நீச்சல் தெரியாதோ?"

"தெரியாது."

"அவுக சிரிச்சிருப்பாகளே."

"சிரிச்சான்" என்றேன்.

அவள் மணலில் உட்கார்ந்தாள். அழவில்லை. மணலை அள்ளி அள்ளி மடியில் போட்டுக்கொண்டாள். மடி நிறைந்ததும் கட்டியாரிடம் திரும்பினாள்.

"கட்டு அவுத்தாச்சா?"

"இல்ல தாயி."

"அவுக்காதீரும். வந்தா முழுசா வரட்டும்."

மணப்பாட்டுப் பெண்கள் கஞ்சி கொண்டுவந்தார்கள். காயலிலிருந்து வந்த எல்லாருக்கும் ஊற்றினார்கள். கட்டியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒருத்தர் அதட்டினார்.

"நேத்து காலையிலருந்து கட்டு நிக்கா? ஓய், கட்டினவன் உசிரையே கட்டிப்புடும்."

"கட்டட்டும்" என்றார் கிழவர்.

அன்று சாயங்காலம் முதல் உடல் ஒதுங்கியது. குன்றுக்கு வடக்கே. ஒரு பெண். முழுசாக இருந்தாள். சீதேவி ஓடிப்போய்ப் பார்த்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். இருட்டுவதற்குள் இன்னும் மூன்று. ஒவ்வொன்றுக்கும் எழுந்து போனாள். ஒவ்வொன்றுக்கும் திரும்பி வந்தாள்.

போனவற்றைச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்ததை மட்டும்.

காயலில் எங்கள் தெரு. ஒரு கூரை மிஞ்சவில்லை. சோனகர் தெருவில் கல்சுவர்கள் மட்டும் நின்றன. எங்கள் தோணி. அழுகக் கிடந்த சிப்பி அத்தனையும். அதற்குள் என்ன இருந்தது என்று யாரும் பார்க்கவில்லை. காசிம். அவர் கையிலிருந்த கடிவாளக் கயிறு. புல்லுக்கட்டோடு ஓடியவர்களில் எனக்குப் பெயர் தெரிந்தவர்கள் ஒன்பது பேர். அதில் கட்டைவிரல் இல்லாதவன் ஒருத்தன். பெயர் தெரியாதவர்களை எண்ண எனக்கு வழியில்லை. வத்தையோடு போனவர்கள். திட்டிலிருந்து குதித்தவர்களில் பாதிக்கு மேல்.

கட்டியார். மணப்பாட்டுக்கு வந்த ஆறாம் நாள் செத்தார். அதுவரை கடல் தந்த உடல்கள் எல்லாம் முழுசாகத்தான் வந்தன. நானே தொட்டுப் பார்த்தேன். காரணம் எனக்குத் தெரியாது. கட்டை அவர் அவிழ்க்கவில்லை. அவிழ்க்கிற மந்திரத்தை யாருக்கும் சொல்லித்தரவும் இல்லை. மணப்பாட்டில் இன்றும் சொல்வார்கள், அந்தக் கடல் கட்டியபடியே கிடக்கிறது என்று.

சாதாரண வருஷம் முடிந்தது. சித்திரை பிறந்தது. யாரும் பஞ்சாங்கம் வாசிக்கவில்லை.

சடையன். வரவில்லை.

இதெல்லாம் பின்னால் எண்ணியது. மணப்பாட்டில் விடிந்த முதல் காலைக்கு வருகிறேன். கடல் அமைதியாக இருந்தது. அலைக்கு அப்பால் கறுப்புக் கறுப்பாக மிதந்தன. ஊர்ப் பெரியவர் ஒருத்தர் கரையில் நின்று கேட்டார்.

"உள்ள கெடக்கதை இழுத்துட்டு வர ஆளு வேணும். கூலின்னு ஒண்ணும் இல்லப்பா. ரெண்டு வேளை கஞ்சி."

காயல்காரர்கள் யாரும் எழுந்திருக்கவில்லை. நான் எழுந்தேன். வேலை வேலைதான். ஓடையில் போனவர்களைக் கரையில் யாராவது அடக்க வேண்டும். கயிறும் என்னிடம் இருந்தது.

இடுப்பில் கட்டிக்கொண்டேன். சடையன் முடிச்சு. மறுமுனை கையில் தொங்கியது. அப்போதுதான் நினைவு வந்தது. எனக்குப் பெண்டாட்டி இல்லை. முறைப்படி கயிறு பிடிக்க ஒருத்தன் இல்லை.

சீதேவி வந்தாள். பெண்கள் கயிற்றைத் தொடுவதில்லை. தொட்டு நான் பார்த்ததில்லை. என் கையிலிருந்த நுனியை வாங்கினாள். மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றினாள். சேலையை இழுத்துச் செருகினாள். ஈர மணலில் காலை ஊன்றினாள்.

"உமக்குக் காது ஆகாதே, அண்ணே."

"மேலதான் மிதக்கு. முங்க வேண்டாம்."

"ரெண்டு சுண்டு" என்றாள்.

தலையை ஆட்டினேன். தண்ணீரில் இறங்கினேன்.